இருபத்தோராவது வளையல்

அக்டோபர் 2

இன்று நான் பகவதியிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: கண்ணாடி வளையல் பெட்டியை என் கையில் கொடுத்தபோது அவள் அம்மா சொன்னது. மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அம்மாவின் ஒடிந்த கால் எந்த மட்டில் இருக்கிறது, எங்கள் தெருவில் யார் வீடு மாறிப் போனார்கள், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பேறுகால லேகியத்தைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, திறந்ததைவிட வேகமாக மூடினார் என்பதுவரை.

பகவதியின் கணவர் அருணகிரி அண்ணன் ரயிலில் அழைத்து வந்தார். அவர்கள் இருக்கும் ஐந்தோவனுக்கு ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் தண்ணீரும் புல்லும் மாடுகளும். மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து பகவதி நின்றாள். முதலில் வயிறு தெரிந்தது, பிறகுதான் அவள்.

"ஏட்டி, என்ன இப்பிடி மெலிஞ்சு போயிட்ட? பாளையங்கோட்டைல சோறு தீந்துபோச்சா?"

ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் இங்கே வந்து ஆறு வருடம். கட்டிப்பிடிக்க வந்தாள். வயிறு இடையில் நின்றது. பக்கவாட்டில் நின்று கட்டிக்கொண்டோம். அவள் அழவில்லை. நானும்.

அக்டோபர் 3

தூக்கம் வரவில்லை, ஊரில் இப்போது விடிந்திருக்கும். எழுதிவிடுகிறேன்.

பிரசவம் பார்க்க வரவேண்டியவர் வடிவு அத்தை, பகவதியின் அம்மா. விசாவும் வந்துவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மாமியார் வருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், "ஆவுடை வரட்டும்" என்றாள் பகவதி. கல்லூரி நூலகத்தில் எனக்கு இரண்டரை மாதம் விடுப்பு கிடைத்தது. என் கணவர் "போயிட்டு வா" என்றார், இரண்டே சொல்.

நான் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்காதவள். கடைசியாகப் போன வைகாசியில், ஐந்தாம் மாதம். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவளை வளைகாப்புக்கு அழைத்தாலும் முன்வரிசையில் உட்கார வைக்கமாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாற்காலி போடுகிற இடத்திலேயே தெரிந்துவிடும்.

அத்தை கட்டிலில் சாய்ந்தபடி வளையல்களை எண்ணினார். இருபத்தொன்று. "பிள்ளை பெத்தவ யாராவது அங்கன இருப்பா. மொதல்ல அவ போடட்டும். நீ சமையல் வேலையப் பாத்துக்கோ, என்ன?" என்றார். பிறகு இன்னொரு முறை எண்ணினார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

வைகாசியில் என் தலைமாட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவரும் இதே அத்தைதான். எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

அக்டோபர் 5

இந்த ஊரில் பிள்ளை பிறந்ததும் எட்டாம் நாள்வரை வீட்டுக்கே ஒரு தாதி வருவாராம். அவர் குனிந்து முதுகை ஒடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கட்டிலை உயர்த்தி வைக்கவேண்டும் என்பது சட்டம்போல. அருணகிரி அண்ணன் கட்டிலின் நான்கு காலுக்கும் கட்டைகளை வாடகைக்கு எடுத்து வந்து முட்டுக்கொடுத்தார். வீடியோவில் அத்தை பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ளே, கட்டிலத் தூக்கிப் பரண்ல வச்சிட்டீய? எம்பிள்ள எப்பிடி ஏறி எறங்குவா?"

"ஏணி இருக்கு அத்தை."

"ஏணியா!"

அவர் ஏணி என்றது ஒரு சின்னப் படிதான். ஆனாலும் அத்தை போனை வைத்த பிறகு அரைமணி நேரம் சிரித்தோம். பகவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதியடே, இன்னைக்கே வந்துரும்" என்றாள்.

குழந்தைத் துணிகளைத் துவைத்து மடித்தேன். இருபத்தாறு. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்.

அக்டோபர் 8

மழை. பூண்டு உரித்தேன்.

அக்டோபர் 12

இன்று வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். தமிழ்ப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள், இதே கட்டடத்தில் இருப்பவளைத் தவிர எல்லோரும் சைக்கிளில், பட்டுப்புடவைக்கு மேல் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு. கூடத்தில் கோட்டுகளைக் கழற்றியதும் அறை சட்டென்று வேறொரு ஊரானது.

போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தோம். அதில் அத்தை, புதுச்சேலையில், கால் மட்டும் தலையணை மேல். ஏழு வகைச் சோறு நான்தான் செய்தேன். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், எள், கறிவேப்பிலை, சர்க்கரைப் பொங்கல். எள்ளுச்சோறு நன்றாக வந்திருந்தது.

பகவதியை உட்கார வைத்துச் சந்தனம் பூசினார்கள். அவள் பெட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"வா, போடு."

அடுப்பில் பொங்கல் அடிப்பிடித்துவிடும் என்று சொல்லி நான் சமையலறைக்குப் போனேன். அங்கிருந்தே கேட்டது. கீழ்மாடி வீட்டுக் கலைவாணி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், முதல் வளையல் போட்டாள். அத்தை குலவையிட்டார். போனில் அது கீச்சென்று வந்தது. பிறகு எல்லோரும் போட்டார்கள். சிரிப்புச் சத்தம். நான் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவினேன். நல்ல நாள். மிச்சம் இல்லாமல் சாப்பிட்டார்கள்.

அக்டோபர் 13

காலையில் பகவதி இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "நேத்து பொங்கல் அடுப்புலயே இல்ல. எறக்கி மேசைல வச்சு, மேல முந்திரிகூடப் போட்டிருந்த."

"அப்பிடியா?"

"அப்பிடித்தான்."

வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தேன். ஒரு கையில் பத்து, மறு கையில் பத்து. இரட்டைப்படையில் வளையல் போடுவது வழக்கமில்லை. எடுத்துச் சொல்ல நினைத்தேன். சொன்னால் மிச்சம் ஒன்று எங்கே என்று பேச்சு வரும். சொல்லவில்லை.

அக்டோபர் 21

நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் கால்வாய் ஓரமாக நடக்கிறோம். அவள் நடை வாத்து நடையாகிவிட்டது. எதிரில் உண்மையான வாத்துகள் வரும்போது, "பாரு, சொந்தக்காரங்க வாராங்க" என்பாள். வளையல்கள் குலுங்கும். வயிற்றுக்குள் இருப்பதற்கு அந்தச் சத்தம் கேட்குமாம்.

வைகாசியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. நான் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு பொறுமை வேண்டும். ஊரில் எல்லோரும் கேட்டார்கள். எந்த மாதம், எந்த டாக்டர், எதைத் தின்றாய், மாடிப்படி ஏறினாயா. இவள் என் தட்டில் இன்னொரு தோசையை வைக்கிறாள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நானும் தின்றுவிடுகிறேன்.

அக்டோபர் 29

நிறைய எழுதவேண்டும்.

காலை ஏழு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. அருணகிரி அண்ணன் கார் வரவழைக்க ஓடினார், ஒரு காலில் மட்டும் செருப்புடன். பகவதி சோபாக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி வந்து போனதும் தலைநிமிர்ந்தாள்.

"என் அலமாரியில நீலத் துணிக்கடியில ஒரு வளையல் கெடக்கு. எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். பச்சை. அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை, கையை நீட்டினாள்.

"போடு."

"நீயே போட்டுக்கோ."

"கை வீங்கிருக்கு, தெரியல?"

அப்போதுதான் சொன்னேன். இருபத்தேழு நாள் வைத்திருந்ததை. "அத்தை என்னப் போட வேண்டாம்னு சொன்னாவ."

"தெரியும். எங்கிட்டயும் போன்ல சொன்னா. அதுக்குத்தான் ஒண்ண எடுத்து ஒளிச்சு வச்சேன்."

"பகவதி, வேண்டாம். ஏதாவது ஒண்ணுன்னா..."

"ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு ஆவுடை. நீ போட்டா பயம் கொறையும். உன் பயத்த அப்புறம் பாத்துக்கலாம், இப்ப என் பயத்தப் பாரு."

நான் எத்தனையோ புத்தகம் படித்தவள். எந்தப் பக்கமும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. இந்த வளையல் உடைந்தால் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. தேங்காய் எண்ணெயை அவள் கை முழுக்கத் தடவினேன். விரல்களைக் குவித்துப் பிடிக்கச் சொன்னேன். முதல் தடவை முட்டியில் நின்றது. இரண்டாம் தடவையும். மூன்றாவதற்கு வலி வந்துவிட்டது. அவள் என் தோளைக் கவ்விக்கொண்டாள், நான் அவள் கையைப் பிடித்தபடியே நின்றேன். வலி இறங்கிக் கை தளர்ந்ததும் வளையல் தானாக நழுவி உள்ளே போனது. உடையவில்லை.

மருத்துவமனையில் வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். பகவதி முடியாது என்றாள். அவர்கள் சண்டை போடவில்லை. இரண்டு கையிலும் மெல்லிய கட்டுத்துணியைச் சுற்றிவிட்டார்கள்.

பதினொன்று நாற்பதுக்குப் பிறந்தாள். பெண். அழவில்லை. தூக்கிக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனார்கள். மூன்று பேர் குனிந்து நின்றார்கள். முதுகுகள்தான் தெரிந்தன. அருணகிரி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். அதில் இன்னும் எண்ணெய் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணன் ஒரு நிமிடம் என்கிறார்.

பிறகு அழுதாள்.

பிற்பகல் நான்கு மணிக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! அத்தை நம்பவே இல்லை. "பெட்டு கெடைக்கலையா?" என்று மூன்று தடவை கேட்டார்.

அக்டோபர் 30

தாதியின் பெயர் மரைக்கே. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மழையில் சைக்கிள் மிதித்து வந்து, கோட்டை மாட்டிவிட்டு, நேராகக் கழிப்பறையைக் கழுவ ஆரம்பித்தார். பிறகு குழந்தை, பிறகு பகவதி. மூன்றையும் ஒரே மரியாதையுடன் செய்தார். ஆங்கிலத்தில் பேசுகிறார்.

பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே ஒரு பண்டம் கொடுக்க வேண்டும். வட்டமான ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரை பூசிய சோம்பு தூவுவது. பெண் என்றால் இளஞ்சிவப்பும் வெள்ளையும். சோம்பு தாய்க்குப் பால் சுரக்கவாம். அத்தையிடம் காட்டினேன்.

"பாத்தியா! அவளுகளுக்கும் தெரிஞ்சிருக்கே!" என்று ஏதோ தன் வீட்டிலிருந்து திருடிப் போனதைக் கண்டுபிடித்ததுபோல் சந்தோஷப்பட்டார்.

பூண்டுக் குழம்பு வைத்தேன். துணி மடித்தேன்.

நவம்பர் 1

துணி துவைத்தேன். பகவதிக்குத் தலைவாரிவிட்டேன். அண்ணன் குழந்தையின் பெயரைப் பதிந்து வந்தார், பொருநை. அலுவலகத்தில் நான்கு முறை எழுத்துக்கூட்டிச் சொன்னாராம். ஆற்றின் பெயர் என்றதும் அந்த ஊழியர், "எவ்வளவு நீளம்?" என்று கேட்டாராம்.

குழந்தையைத் தூக்கச் சொன்னாள் பகவதி. கை ஜில்லென்று இருக்கிறது என்றேன்.

நவம்பர் 2

கை ஜில்லென்று இருந்தது.

நவம்பர் 3

இன்று இந்தக் கட்டடம் முழுவதையும் தெருவுக்குக் கொண்டுவந்தேன்.

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டித் தொட்டிலில் விட்டுவிட்டு, மரைக்கே பகவதியைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். அத்தை போனில் காத்திருந்தார். தலைக்கு ஊற்றிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டாவிட்டால் சளி பிடித்துவிடும் என்று இரண்டு நாளாகப் புலம்பல். கப் சாம்பிராணி ஒன்றைத் தட்டில் வைத்துக் கொளுத்தி, தொட்டிலுக்குத் தள்ளியே நின்று காட்டினேன்.

"பொகையே காணலையே ஆவுடை. இன்னொண்ணு வை."

வைத்தேன்.

"ஒனக்கே காணாதுட்டி அது. இன்னொண்ணு. சன்னலச் சாத்து, வெளிய போயிருதுல்லா."

சாத்தினேன். மூன்றும் சேர்ந்து எரிந்தன. நிஜமாகவே நல்ல மணம். ஒரு நிமிடம் கண்ணை மூடியிருப்பேன்.

கூரையில் இருந்த வெள்ளை வட்டப் புகைமணி அலறியது. அடுத்து மாடிப்படியில் இருந்தது, பிறகு கட்டடம் முழுக்க. "என்ன சத்தம்? என்ன சத்தம்?" என்று போனில் அத்தை. குளியலறைக்குள்ளிருந்து மரைக்கே என்னவோ கத்தினார். நான் யோசித்ததாக நினைவில்லை. நினைவு வந்தபோது தெருவில் நின்றுகொண்டிருந்தேன், வெறுங்காலோடு, பொருநையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி. மூன்று மாடி எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

கீழ்வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குளியல் அங்கியில் ஒரு கிழவர், "தீயா?" என்றார். "இல்லை, குழந்தையின் முடிக்கு" என்றேன். அவர் அதைச் சற்று யோசித்தார். பிறகு தன் அங்கிக்கு மேல் போட்டிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி எங்கள் இருவர் மேலும் போர்த்தினார்.

பகவதி, கலைவாணியின் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கி வந்தாள், தலை ஈரத்தோடு. என்னைப் பார்த்து நின்றாள். "கை ஜில்லுன்னு இல்லையா?" என்றாள்.

மரைக்கே கடைசியாக வந்தார், கையில் அணைத்த சாம்பிராணித் தட்டு. திட்டுவார் என்று நினைத்தேன். குழந்தையின் தலை என் முழங்கை மடிப்பில் இருப்பதைப் பார்த்தார். "நன்றாகப் பிடித்திருக்கிறீர்கள். உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டார். அவர் வேலையில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"இரண்டு," என்றேன். "தங்கவில்லை."

இரண்டு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஊரில் அதுதான் விடை.

அவர் தலையசைத்தார். தீயணைப்பு வண்டி வந்து நின்றது. நான்கு ஆட்கள் பெரிய பூட்ஸோடு மேலே போய், மூன்று சாம்பிராணிக் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள். பகவதி அவர்களுக்குச் சோம்பு தூவிய ரஸ்க் கொடுக்கச் சொன்னாள். நின்று தின்றார்கள்.

என் கையிலிருந்து குழந்தையை யாரும் வாங்கவில்லை. மேலே ஏறும்போதும் நானே கொண்டுவந்தேன்.

நவம்பர் 4

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த உயரக் கட்டிலில் நாங்கள் மூவரும் படுத்திருந்தோம். நானாகத்தான் ஆரம்பித்தேன். வைகாசியில் அதைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனார்கள் என்று. பெண் என்று நர்சு சொன்னாள் என்று. பார்க்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை, காட்டுங்கள் என்று நானும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம் என்று.

பகவதி மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள். இருபத்தொரு வளையலும் என் பக்கமிருந்த அவள் கைகளில். கடைசியில், "பேரு எதும் நெனச்சு வச்சிருந்தியா?" என்றாள்.

சொன்னேன். இங்கே எழுதவில்லை.

அவள் அதை ஒரு முறை திருப்பிச் சொன்னாள், சரியாகச் சொல்கிறோமா என்று பார்ப்பதுபோல. பிறகு பொருநை விழித்துவிட்டாள்.

நவம்பர் 5

மரைக்கேவின் கடைசி நாள். வாசலில் எனக்குக் கை கொடுத்துவிட்டு, மருந்துக் கடையில் சாம்பிராணி கிடைக்குமா என்று கேட்டார். ஏன் என்றேன். அந்த மணம் அவர் கோட்டில் இரண்டு நாளாக இருக்கிறதாம், கணவருக்குப் பிடித்திருக்கிறதாம். மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

நவம்பர் 27

முப்பதாம் நாள். வளையல்களைக் கழற்றினாள், சோப்புப் போட்டு. பச்சை மட்டும் வரவில்லை. "இருக்கட்டும்" என்றாள்.

டிசம்பர் 13

நாளை கிளம்புகிறேன். பெட்டியில் இடம் நிறைய இருக்கிறது. வரும்போது கொண்டுவந்ததெல்லாம் தின்று தீர்த்துவிட்டோம்.

பகவதி இன்று முழுக்க என்னிடம் எரிந்து விழுந்தாள். டம்ளரை ஏன் அங்கே வைத்தாய், துண்டை ஏன் இங்கே போட்டாய். சாயங்காலம் கண் சிவந்திருந்தது. "வெங்காயம்" என்றாள். இன்று நாங்கள் வெங்காயம் நறுக்கவில்லை. அவள் எனக்குச் செய்த மரியாதையை நான் அவளுக்குச் செய்தேன். கேட்கவில்லை.

எனக்கு இந்த எழுபத்துமூன்று நாளும் யாரோ நிறுத்தி நிதானமாகச் சோறு போட்டதுபோல் இருந்தது. நான்தான் சமைத்தேன். ஆனாலும்.

டிசம்பர் 17, பாளையங்கோட்டை

அத்தையைப் பார்க்கப் போனேன். கைத்தடியோடு நடக்கிறார். குழந்தை படங்களை எல்லாம் காட்டினேன். எல்லாம் பார்த்து முடித்த பிறகு சொன்னேன்.

"கடைசி வளையல் நான்தான் போட்டேன் அத்தை. வலி வந்தப்ப."

அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். தெருவில் பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார்.

"எந்த வளையல்?"

"பச்சை."

"அது உள்ளதுலயே சின்ன வளையலுல்லா. தப்பா வாங்கிட்டேன்னு நெனச்சேன். எப்பிடி ஏறிச்சு?"

"எண்ணெ போட்டேன். ரெண்டு தடவ ஏறல."

"உடையலையே?"

"உடையல. இன்னும் கையிலதான் கெடக்கு."

அவர் தடியை ஊன்றி எழுந்து, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தானே உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். பாதி சாஸரில் கொட்டியிருந்தது. கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் புறங்கையின் மேல் தன் கையை வைத்து, ஆறுவதற்குள் குடி என்றார்.

பிப்ரவரி 20

பொருநை இன்று காலை குப்புற விழுந்துவிட்டாள். அத்தை முதலில் எனக்குத்தான் போன் செய்தார்.